சேராமலே சேர்ந்த நாடுகள்... தெரியுமா?

நேட்டோ ராணுவக் கூட்டணி தெரியும். அதில் உறுப்பினர் ஆகாமலே அதனுடன் கைகோத்த நாடுகளைப் பற்றித் தெரியுமா?

1994 ஜனவரி. சோவியத் யூனியன் சிதறி இரண்டே ஆண்டுகள்! 'அமைதிக்கான கூட்டாண்மை' என்ற திட்டத்தை பிரஸ்ஸல்ஸ் மாநாட்டில் நேட்டோ அறிவித்தது. எதில் ஒத்துழைப்பது, எவ்வளவு தூரம் போவது என்பதை அந்தந்த நாடே தீர்மானிக்கலாம்! முதல் கையெழுத்து யாருடையது? ருமேனியா! நேற்றுவரை எதிரணியில் இருந்த நாடு!

அதைவிட வியப்பு, அதே ஆண்டு ஜூன் 22-ல் கையெழுத்துப் போட்டது யார்? ரஷ்யா! ஆமாம், ரஷ்யாவேதான்! 1996-ல் போஸ்னியாவில் அமைதி காக்க, நேட்டோ படைகளோடு ரஷ்ய வீரர்களும் நின்றார்கள்!

இந்தத் திட்டத்துக்கு வழிவகுத்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க ஜெனரல் ஜான் ஷாலிகாஷ்விலி. தந்தை ஜார்ஜியாக்காரர், மகன் பிறந்தது போலந்தின் வார்சாவில்! பதினாறு வயதில் அமெரிக்கா வந்து, ஜான் வேய்ன் படங்களைப் பார்த்தே ஆங்கிலம் கற்றாராம்! போலந்து, ஜார்ஜியா இரண்டுமே 1994-ல் திட்டத்தில் சேர்ந்துவிட்டன. அவர் மனம் எப்படித் துள்ளியிருக்கும்!

அல்பேனியாவின் கிடங்குகளில் குவிந்து கிடந்த கண்ணிவெடிகள் எத்தனை தெரியுமா? சுமார் 16 லட்சம்! இந்தக் கூட்டாண்மையின் கீழ் கனடா முன்னின்று நிதி திரட்ட, 2002-க்குள் அத்தனையும் அழிக்கப்பட்டன! எத்தனை குழந்தைகளின் கால்கள் தப்பின! எனக்கு இதைவிடப் பெரிய சாதனை தெரியவில்லை.

பேரிடர் உதவிக்கென 1998-ல் நேட்டோ ஒரு மையம் தொடங்கியது. யோசனை சொன்னது ரஷ்யா! 2005-ல் கத்ரீனா புயல் தாக்கியபோது அந்த மையத்திடம் உதவி கேட்ட நாடு? சாட்சாத் அமெரிக்கா!

துப்பாக்கி மட்டுமா? காக்கசஸ், மத்திய ஆசியாவின் எட்டு நாடுகளில் பல்கலைக்கழகங்களுக்குச் செயற்கைக்கோள் வழியே இணையம் கொடுத்ததும் நேட்டோதான்! அதற்கு வைத்த பெயர், 'மெய்நிகர் பட்டுப்பாதை'!

1999-ல் 78 நாட்கள் நேட்டோ குண்டு வீசிய செர்பியா, ஏழே ஆண்டுகளில் அதே நேட்டோவின் கூட்டாளி! மால்டாவோ 1995-ல் சேர்ந்தது, 1996-ல் விலகியது, 2008-ல் மறுபடி வந்தது!

1994-ல் நேட்டோ உறுப்பினர்கள் 16. இன்று 32. புதிதாக வந்த 16 நாடுகளும் இந்தக் கூட்டாண்மையில் இருந்தவையே! ஒன்றுகூட விலக்கில்லை! கடைசியாக வந்த ஸ்வீடன், கூட்டாளியாக மட்டும் காத்திருந்தது கிட்டத்தட்ட 30 ஆண்டுகள்!

சுவிட்சர்லாந்து? 1996-ல் கூட்டாளியானது. உறுப்பினராக இன்றுவரை விண்ணப்பிக்கவே இல்லை!