ஆற்றுப்படையும் அறுகம்குடாவும்

வழிப்போக்கனுக்கு எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று சொல்லிக்கொடுப்பது இன்றைய உல்லாசப் பயணத்துறை கண்டுபிடித்த கலையன்று. பரிசு பெற்றுத் திரும்பும் பாணன் எதிரே வரும் பாணனுக்கு வழி சொல்கையில், ஊரோடு உணவையும் சேர்த்தே சொல்லிவிடுகிறான்.

சிறுபாணாற்றுப்படையைப் பாருங்கள். நல்லியக்கோடனிடம் செல்லும் வழியிலே, கடலோர எயிற்பட்டினத்தில் சுட்ட குழல்மீன் கருவாடு; வேலூரில் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும்; வயல் சூழ்ந்த ஆமூரில் உலக்கைப் பூண் தேயக் குற்றிய அரிசிச் சோறும் நண்டும். (எயிற்பட்டினத்துக் கள்ளையும் நத்தத்தனார் மறக்கவில்லை. வகுப்பிலே அந்த இடத்தைச் சற்று விரைவாகக் கடந்துவிடுவது என் வழக்கம்.) அந்தந்த நிலம் தருவதுதான் அங்கங்கே விருந்தாகிறது.

கடைப் பலகாரமும் புதிதன்று. பெரும்பாணாற்றுப்படையிலே கூவியர் என்னும் அப்ப வணிகர் வருகின்றனர். இழை சூழ்ந்த வட்டமான அவர்களது பண்டம் பாலிலே கிடப்பதை ஓர் உவமையாகக் காட்டுகிறார் உருத்திரங்கண்ணனார். நம் இடியப்பமும் பாலும் நினைவுக்கு வராமல் அதை எப்படிப் படிப்பது?

பாண்டிருப்பிலிருந்து கடலோரமாகத் தெற்கே போனால் அக்கரைப்பற்று, திருக்கோவில் தாண்டிப் பொத்துவில், அதையடுத்து அறுகம்குடா. 2004 சுனாமி துடைத்தெறிந்த அக்கரையில் விடுதிகள் மீண்டும் எழுந்தன. அலைச்சறுக்குக்கு வரும் வெளிநாட்டாருக்காக வாசற்பலகைகளில் பீட்சா, பாஸ்தா, பான்கேக். விருந்தினரின் நாக்குக்கு இணங்குவது தவறென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மத்தியதரைக் கடலிலே சைப்பிரஸ் தீவின் ஹலூமிப் பாற்கட்டியை எண்ணிப் பாருங்கள். அந்தப் பெயர் அத்தீவுக்கே உரியதென்று 2021இல் ஐரோப்பிய ஒன்றியம் பாதுகாப்பு வழங்கியது. இங்கோ, சட்டி எருமைத் தயிருக்கு உணவுப்பட்டியலில் ஒரு வரி இடமும் கொடாத விடுதிகள் உண்டு. தயிர் தரும் எருமைகள் நிற்பதென்னவோ பொத்துவில் பக்கத்து வெளிகளில்தான்.

ஆகவே என் ஆற்றுப்படை இது. அறுகம்குடாவில் தங்குபவர் காலையிலே பாலத்தைக் கடந்து பொத்துவில் நகருக்குப் போகட்டும். கல்முனைப் பக்கம் வருபவர் கடைத்தெருவுக்குள் நுழையட்டும். முஸ்லிம் சகோதரர்களின் சாப்பாட்டுக்கடைகளிலே புட்டும் இடியப்பமும் சம்பலும் மீன் ஆணமும் ஆவி பறக்க இருக்கும். ஆணம் என்பதைக் கொச்சை என்று கருதும் மாணவர்கள் இருக்கிறார்கள். குழம்பு என்ற பொருளோடு அது சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியில் ஏறிய சொல். யாழ்ப்பாணத்தார் குழம்பு என்று கேட்டாலும் கடைக்காரர் அதையேதான் ஊற்றுவார்.

வெள்ளிக்கிழமையானால் ஜும்ஆ வேளைக்குக் கடை சாத்தியிருக்கும். தொழுகை முடிந்த பின் போகலாம்.