உங்களுக்குத் தெரியுமா? பிள்ளையின் வயிற்று நோவும் பெற்றோரின் பங்கும்

“அம்மா, வயிறு நோகுது!” இலங்கையின் வெருகலிலும் பள்ளிக்கூடம் புறப்படும் நேரத்தில் கேட்கிற குரல்தான் இது. பரிசோதனையில் ஒரு குறையும் தெரியாவிட்டாலும் நோவு பொய்யல்ல. குடலும் மூளையும் நரம்புகளால் ஓயாமல் பேசிக்கொள்கின்றன. பயமும் கவலையும் அந்த நோவைக் கூட்டிவிடும்.

● 1958இல் மருத்துவர்கள் ஆப்லியும் நெய்ஷும் இங்கிலாந்தில் 1,000 பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அடிக்கடி வயிற்று வலி. களனிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட கணக்கிலும் இலங்கையில் கிட்டத்தட்ட அதே அளவுதான்.

● 2006இல் வெளியான ஆய்வொன்றில், அமெரிக்காவில் ஆய்வாளர் லின் வாக்கரின் குழு பிள்ளைகளுக்கு வயிறு முட்டத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தது. பெற்றோர் நோவைப் பற்றியே பேசியபோது முறைப்பாடு ஏறத்தாழ இரு மடங்கானது. வேறு பேச்சில் கவனத்தைத் திருப்பியபோது பாதியாகக் குறைந்தது.

● 2010இல் வெளியான ஆய்வில், ஆய்வாளர் ரோனா லெவியின் குழு 200 பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மூன்றே அமர்வுகளில் உளவியல் பயிற்சி கொடுத்தது. அந்தப் பிரிவுப் பிள்ளைகளின் வலி மற்றப் பிரிவை விடக் கூடுதலாகக் குறைந்தது.

வீட்டில் செய்யக்கூடியவை: “நடிக்காதே” என்று ஏசாதீர்கள். மெதுவாக மூச்சிழுத்து விடப் பழக்குங்கள். “இப்ப எப்படி?” என்று திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். நோவோடும் பள்ளிக்கூடம் போன பிள்ளையை மனமாரப் பாராட்டுங்கள்.

கவனம்! எடை குறைதல், மலத்தில் இரத்தம், விடாத வாந்தி, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி ஆகியவற்றில் எது இருந்தாலும் முதலில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.