34 ஆண்டுகளுக்குப் பின் தில்லியில் நினைவுகூரப்பட்ட நூரம்பெர்க்

புது தில்லி: ஹிட்லரின் வதை முகாம் காவலர்களைத் தள்ளாத வயதிலும் ஜெர்மனி கூண்டில் ஏற்ற முடிந்ததற்கு நாடாளுமன்றமே காரணம். கொலைக் குற்றத்துக்கான காலவரம்பை 1979-இல் மேற்கு ஜெர்மனி நாடாளுமன்றம் நீக்கியது. ஆதரவு 255, எதிர்ப்பு 222. ஆயினும், முகாமில் காவல் காத்ததே கொலைக்கு உடந்தை என டெம்யான்யுக் வழக்கில் மூனிச் நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2011 ஆயிற்று. அதற்குள் உயரதிகாரிகள் பெரும்பாலோர் இறந்துவிட்டனர். அகப்பட்டவர்கள் கடைநிலை ஊழியர்களே.

1984 சீக்கியர் படுகொலை வழக்கில், விசாரணை நீதிமன்றம் விடுவித்த சஜ்ஜன் குமாருக்கு 2018-இல் ஆயுள் தண்டனை விதித்தபோது தில்லி உயர் நீதிமன்றம் நூரம்பெர்க்கைக் குறிப்பிட்டது. இன அழிப்பும் மானுடத்துக்கு எதிரான குற்றமும் நமது சட்டத்தில் இடம்பெறவில்லை என்றும் சுட்டிக்காட்டியது. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் பலர் இடைநீக்கத்தில் இருக்க, 2023 டிசம்பரில் நிறைவேறிய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அவ்விரண்டும் இல்லை.