ஊஞ்சலாடும் முக்கால் கிலோ

திருகோணமலையில் பிரெட்றிக் கோட்டை வாசலால் நுழைந்து கோணேசர் கோயிலுக்கு ஏறுகிறவர்களைப் பாதி வழியில் புள்ளிமான்கள் மறிக்கும். பழத்தோல் கொடுத்தால் வாங்கித் தின்னும். கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு ஒரு மானுக்கு முன்னால் குனிந்தேன். முக்கால் கிலோ கண்ணாடியும் உலோகமும் நெஞ்சை விட்டு விலகி, ஆடிப் போய் அதன் மூக்கில் இடித்தது. மான் இரண்டடி தள்ளி நின்று பார்த்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அது ஏன் அப்படி ஆடுகிறது என்று வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். தொங்கும் பொருள் எதற்கும் ஓர் ஆட்ட நேரம் உண்டு. அந்த நேரம் எடையைப் பொறுத்ததல்ல, தொங்கும் நீளத்தைப் பொறுத்தது. வாரிலிருந்து 30 சென்ரிமீற்றர் கீழே தொங்கும் பைனாகுலர் ஒருமுறை போய்வர ஏறத்தாழ 1.1 செக்கன் எடுக்கும். இனி நம் நடையைப் பாருங்கள். நிமிடத்துக்கு 110 அடி வைத்தால், உடம்பு வலமும் இடமும் சாய்ந்து மீளும் இரண்டு அடிக்கு ஆகும் நேரமும் அதே 1.1 செக்கன்தான். ஊஞ்சலில் இருக்கும் பிள்ளையை ஒவ்வொரு முறையும் சரியான நேரத்தில் தள்ளிவிடுவது போல, நம் கால்களே அதைத் தள்ளிக்கொண்டு போகின்றன. நிமிர்ந்து நடக்கையில் நெஞ்சு அதைத் தடுத்து நிறுத்தும். பாறையில் குனிந்து ஏறும்போது தடுக்க எதுவுமில்லை.

இதற்கு மருந்துதான் ஹார்னஸ். குதிரைக்குப் பூட்டும் சேணத்துக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர். நான் தோள்வார் என்று சொல்லிக்கொள்கிறேன். இரண்டு தோளின் மேலாகப் போய், முதுகில் எக்ஸ் எழுத்தாகக் குறுக்கிட்டு, அக்குளுக்குக் கீழால் திரும்பி வந்து பைனாகுலரை நான்கு பக்கமும் பிடிக்கும் வார். கழுத்து நோகாது என்று சொல்லித்தான் விற்கிறார்கள். அதுவும் பொய்யல்ல: பிடரியில் இரண்டு விரல் அகலத்தில் இறங்கிய பாரம், காவடிக்காரன் தோளில் போல, பரந்த இடத்தில் இறங்குகிறது. என்றாலும் பெரிய நன்மை ஆட்டம் நிற்பதுதான் என்பேன். மீள்பட்டி வைத்த வாராக இருந்தால் இன்னொரு லாபமும் உண்டு. பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுபோகும்போது வார் இழுபட்டு, கைநடுக்கத்தைக் கொஞ்சம் அடக்கும். எட்டு மடங்கு பெருக்கும் கண்ணாடி நம் நடுக்கத்தையும் எட்டு மடங்காக அல்லவா காட்டுகிறது?

வார் வாங்குமுன் பைனாகுலரையே ஒருமுறை பார்க்க வேண்டும். 1957 வரை திருகோணமலைத் துறைமுகத்தில் இருந்த பிரித்தானியக் கடற்படையைப் போலவே உலகக் கடற்படைகளுக்கெல்லாம் பிடித்த அளவு 7×50. ஐம்பதை ஏழால் வகுத்தால் ஏழு மில்லிமீற்றருக்குச் சற்று மேல். இருட்டில் இளம் கண்ணின் பாவை விரியும் அளவும் ஏறத்தாழ அதுவே. இரவுக் காவலுக்கு அது சரி. நிலாவெளி வெயிலில் பாவை இரண்டு மூன்று மில்லிமீற்றராகச் சுருங்கிவிடும். மிச்ச ஒளி கண்ணுக்குள் போகாது. அதற்காக ஒரு கிலோவைச் சுமப்பானேன்? பகலில் மட்டும் பார்ப்பவருக்கு 8×32 போதும். அரை கிலோவை ஒட்டிய எடைதான். அதற்குச் சாதாரண வாரே தாங்கும்.

தோள்வாரைப் பெரிதாக்கி மூடிய பையாக மாற்றியவர்கள் மேல்நாட்டு வேட்டைக்காரர்கள். வில்லின் நாணை இழுக்கும்போது நெஞ்சில் எதுவும் ஆடக்கூடாது, மூடி திறக்கும் சத்தம் மானுக்குக் கேட்கக்கூடாது. ஆகவே மூடிக்குக் காந்தம் வைத்தார்கள். நம் நாட்டில் காட்டுயிர்களைக் காக்கும் கட்டளைச் சட்டம் 1937இலேயே வந்துவிட்டது. நமக்கு வில்லும் வேண்டாம், துவக்கும் வேண்டாம். ஆனாலும் சத்தமில்லாத மூடி பறவை பார்ப்பவருக்கும் உதவும். அந்தக் காந்தத்துக்குப் பக்கத்தில் திசைகாட்டியை மட்டும் வைக்காதீர்கள். பூமியின் காந்தக் கோடுகள் தரைக்குக் கிடையாக ஓடும் வட்டத்தை ஒட்டித்தான் திருகோணமலை இருக்கிறது. இங்கே திசைகாட்டி முள் தலை சாய்க்காமல் ஏறத்தாழ மட்டமாக நிற்கும். லண்டனில் முள்ளின் வடமுனை நிலத்தை நோக்கிக் குத்திடப் பார்க்கும். அப்படி அழகாக நிற்கும் முள்ளைப் பைமூடிக் காந்தம் தன் பக்கம் திருப்பிவிடும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் நெஞ்சில் காந்தப் பை கட்டக்கூடாது.

எனக்கு அந்தப் பையில் வேறு குறையும் உண்டு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நெஞ்சில் தடித்த பஞ்சுப் பையைக் கட்டிக்கொண்டு கன்னியாப் பக்கம் நடந்தால், வெந்நீரூற்றுக்குப் போகாமலே குளித்துவிடலாம். வியர்வை ஊறிய பைக்குள் கண்ணாடியை இரவு முழுக்க மூடி வைத்தால் வில்லையில் பூஞ்சை வேர்விடும். சிலந்தி நூல் போல ஆரம்பித்து, கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். பிறகு துடைத்தாலும் போகாது. வலையாக நெய்த மெல்லிய தோள்வார் நமக்குப் போதும். வீட்டுக்கு வந்ததும் வாரைக் கழுவிக் காயப்போட்டு, பைனாகுலரை சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைக்க வேண்டும். கொளுவி உலோகமா பிளாஸ்டிக்கா என்றும் பார்க்க வேண்டும். உலோகம் நடக்க நடக்கக் கிலுங்கும், உப்புக் காற்றில் துருவும் பிடிக்கும். அளவு சரியா என்று அறியக் கடையிலேயே குனிந்து கால்விரலைத் தொட்டுப் பார்க்கலாம். நிமிரும் வரை பைனாகுலர் நெஞ்சோடு ஒட்டியிருந்தால் சரி.

படகுக்கு இதெல்லாம் பொருந்தாது. நிலாவெளியில் புறாத் தீவுக்குப் போகப் படகில் கால் வைத்தபோது ஓட்டி சொன்னார்: "தம்பி, அந்தப் பூட்டெல்லாத்தையும் கழட்டிப்போட்டு ஜாக்கெட்டைப் போடுங்கோ. விழுந்தா அவிழ்க்கிறதுக்கு நேரமில்லை." உயிர்காப்புச் சட்டைக்குக் கீழே தோள்வார் கட்டினால் பைனாகுலரை எடுக்க முடியாது, மேலே கட்டினால் சட்டையைக் கழற்ற முடியாது. கடலில் சாதாரண வார்தான்.

தோள்வாருக்கு உகந்த இடம் கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலை உச்சி. அங்கே கண் 100 மீற்றர் உயரத்தில் இருந்தால் அடிவானம் 36 கிலோமீற்றருக்கு அப்பால் போகும்; படகில் இருப்பவருக்கு அது 5 கிலோமீற்றர்தான். மகாவலி வந்து விழும் கொட்டியாரக் குடாவிலிருந்தே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்கி, வெளியே 3,000 மீற்றருக்கும் கீழே இறங்குகிறது. கரைக்கு இவ்வளவு கிட்டத்தில் ஆழம் இருப்பதால் நீலத்திமிங்கிலமும் கிட்ட வருகிறது. 1980களின் தொடக்கத்தில் 'துலிப்' என்ற சிறு பாய்க்கப்பலில் எண்ணெய்த் திமிங்கிலத்தைத் தேடி வந்த ஆய்வாளர்கள் இங்கே நீலத்திமிங்கிலங்களையும் கண்டு பதிவு செய்தார்கள்.

நீலத்திமிங்கிலத்தின் மூச்சு 9 மீற்றர் உயரம் வரை எழும். ஐந்து கிலோமீற்றர் தூரத்தில் அது வெறுங்கண்ணுக்குப் பூரண நிலவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. எட்டு மடங்குக் கண்ணாடியில் ஒன்றரை நிலவு. ஆனால் சில செக்கன்களில் காற்றில் கரைந்துவிடும். கழுத்தில் ஆடுவதைப் பிடித்து, முறுக்கிய வாரை அவிழ்த்துக் கண்ணுக்குக் கொண்டுபோகையில் கடல் மட்டும்தான் இருக்கும். நெஞ்சில் ஒட்டியிருந்தால் கை அதன் இடத்துக்குத் தானே போகும், கண் அடிவானத்தை விட்டு நகராது. முதல் மூச்சைத் தவறவிட்டாலும் பரவாயில்லை. ஆழத்துக்கு முழுகுமுன் இன்னும் சில தடவை மூச்சு விடும். வால் மேலே வந்துவிட்டால் பத்து நிமிடம் போல அசையாமல் இருந்து பார்க்க வேண்டும். அதுவரை கை சும்மா இருக்கலாம், கச்சான் கொறிக்கலாம்.