சீமைக்குப் போகும் பல்லடத்து நர்சு!

பல்லடம் பஸ் நிலையம். விடியற்காலை 5 மணி. கோவை போகும் பஸ்சில் ஒரு பெண் ஏறி உட்காருகிறாள். மடியில் ஒரு பை. பைக்குள் இங்கிலீஷ் புத்தகம்.

தகப்பனார் விசைத்தறி ஓட்டுகிறவர். தாயார் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறவர். மகள் நர்சு படிப்பை முடித்துவிட்டு, ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. அந்த ஓய்வு நாளில்தான் கோவைக்குப் போய் இங்கிலீஷ் படிக்கிறாள்.

எதற்காக?

இங்கிலாந்துக்குப் போய் நர்சு வேலை பார்ப்பதற்காக!

பெயர் எதற்கு? இப்படிப்பட்ட பெண்கள் கொங்கு நாட்டில் இன்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். திருப்பூர் பனியன் சீமைக்குக் கப்பல் ஏறியது பழைய கதை. இப்போது பனியன் ஊர்ப் பெண்ணே விமானம் ஏறுகிறாள்.

ஒரு காலத்தில் இது தலைகீழாக இருந்தது. 1871-ம் ஆண்டில் சென்னை அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதிப் பயிற்சி தொடங்கியது. சேர்ந்த மாணவிகள் 4 பேர்தான்! பயிற்சி பெற்ற நர்சுகள் அப்போது இங்கிலாந்தில் இருந்து சென்னைக்கு வந்தார்கள். வேலூர் மிஷன் ஆஸ்பத்திரியில் 1909-ல் நர்சுப் பள்ளி வந்தது. 1946-ல் அது பட்டப் படிப்பு நடத்தும் கல்லூரி ஆயிற்று. அன்று நர்சு அனுப்பிய நாடு, இன்று நர்சு கேட்டு நிற்கிறது.

சம்பளம்தான் காரணம்

சிறிய ஊர்த் தனியார் ஆஸ்பத்திரிகளில் நர்சுக்குக் கிடைக்கும் சம்பளம் பெரும்பாலும் மாதம் 15 ஆயிரம், 20 ஆயிரம் என்ற அளவில்தான் இருக்கிறது. 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லி, மத்திய அரசாங்கம் ஒரு குழு போட்டது. "50 படுக்கைக்குக் குறைந்த ஆஸ்பத்திரியிலும் 20 ஆயிரம் ரூபாய்க்குக் குறையக் கூடாது" என்பது அந்தக் குழுவின் சிபாரிசு. சிபாரிசு காகிதத்தில் இருக்கிறது. பல ஆஸ்பத்திரிகள் அதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இங்கிலாந்து அரசாங்க ஆஸ்பத்திரியில் புது நர்சின் சம்பளம் 2025-26-ம் ஆண்டில் வருடத்துக்கு 31,049 பவுன். ஒரு பவுன் 100 ரூபாய்க்கு மேல். கணக்குப் போட்டுப் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது?

பரீட்சை மேல் பரீட்சை

ஆசை மட்டும் போதாது. அங்கே நர்சு என்று சொல்லிக்கொள்ள, "என்.எம்.சி." என்ற நர்சு கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். பெயர் ஏறாதவர் எத்தனை வருடம் இங்கே வேலை பார்த்திருந்தாலும் அங்கே நர்சு அல்ல!

முதல் தடை இங்கிலீஷ். "ஐ.இ.எல்.டி.எஸ்." பரீட்சையில் கேட்பது, படிப்பது, பேசுவது மூன்றிலும் 7 வாங்க வேண்டும். எழுதுவதில் 6½ போதும். மொத்தத்திலும் 7 வேண்டும். இது வேண்டாம் என்றால் "ஓ.இ.டி." என்று ஒன்று உண்டு. அதில் நோயாளியிடம் பேசிக் காட்ட வேண்டும். டாக்டருக்குக் கடிதம் எழுதிக் காட்ட வேண்டும்.

அடுத்தது கம்ப்யூட்டர் பரீட்சை. இதை இந்தியாவிலேயே எழுதலாம். நர்சு வேலை பற்றி 100 கேள்வி. கணக்கு 15. "டாக்டர் 250 மில்லி கிராம் கொடுக்கச் சொல்கிறார். மருந்து 5 மில்லிக்கு 125 மில்லி கிராம். எத்தனை மில்லி கொடுப்பாய்?" என்ற மாதிரிக் கணக்குகள். (10 மில்லி. வீட்டில் குழந்தைக்கு மருந்து ஊற்றுகிற தாய்மார்களும் போட்டுப் பார்க்கலாம்!)

மூன்றாவது, சீமையில் இறங்கிய பிறகு நடக்கும் செய்முறைப் பரீட்சை. "ஆஸ்கி" என்பார்கள். நார்தாம்ப்டன், ஆக்ஸ்போர்டு, லீட்ஸ் முதலிய ஊர்களில் நடக்கிறது. மொத்தம் 10 கட்டம். போலி நோயாளி படுத்திருப்பார். கை கழுவ வேண்டும். பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். மணிக்கட்டுப் பட்டையைப் பார்க்க வேண்டும். "எந்த மருந்தாவது உங்களுக்கு ஒத்துக்கொள்ளாதா?" என்று கேட்க வேண்டும். கேட்க மறந்தால் போச்சு! விசாவில் போன நர்சு 12 வாரத்துக்குள் முதல் தடவை எழுத வேண்டும். 8 மாதத்துக்குள் பதிவேட்டில் பெயர் ஏறிவிட வேண்டும். வாய்ப்பு மூன்றுதான்.

இவற்றை எல்லாம் விடத் தமிழ்நாட்டுப் பெண்ணைப் படுத்துவது ஒன்று உண்டு. அது இன்ஷியல்! தகப்பனார் பெயரின் முதல் எழுத்தை முன்னால் போடுவது இங்குள்ள வழக்கம். பாஸ்போர்ட்டிலோ தகப்பனாரின் முழுப் பெயர் இருக்கும். பள்ளிச் சான்றிதழில் ஓர் எழுத்து இருக்கும். நர்சு கவுன்சில் சான்றிதழில் எழுத்து பின்னால் போயிருக்கும். "இந்த மூவரும் ஒருவரா?" என்று சீமைக்காரன் கேட்கிறான். அதைத் திருத்துவதற்கே மாதக்கணக்கில் அலைகிறவர்கள் உண்டு. புறப்பட நினைக்கும் பெண் முதல் வேலையாகப் பெயர்களைச் சரி செய்துகொள்வது நல்லது.

பத்திரத்தில் என்ன பெயர்?

இனிமேல்தான் ஆபத்து.

"பரீட்சை எல்லாம் எதற்கு அம்மணி? 12 லட்சம் கொடு. இரண்டு மாதத்தில் விமானம்!" என்று ஓர் ஏஜெண்டு வருவார். அவர் காட்டும் பத்திரத்தில் "நர்சு" என்று இருக்காது. "கேர் ஒர்க்கர்", அதாவது முதியோரைப் பார்த்துக்கொள்ளும் உதவியாள் என்று இருக்கும்.

2022 பிப்ரவரியில் இந்த வேலைக்கு வெளிநாட்டாரை அழைக்க இங்கிலாந்து வழி திறந்தது. நிலத்தை விற்று, நகையை வைத்துப் போனவர்கள் பலர். போய் இறங்கினால் சில இடங்களில் கம்பெனியே இல்லை! சில இடங்களில் வாரத்துக்குச் சில மணி நேர வேலைதான். 2022 ஜூலை முதல் 2024 டிசம்பர் வரை, இப்படி ஆள் எடுத்த 470-க்கும் மேற்பட்ட பராமரிப்புக் கம்பெனிகளின் லைசென்சை அந்த நாட்டு அரசாங்கம் ரத்து செய்தது. அதில் அடிபட்டவர்கள் 39 ஆயிரம் பேர். 2024 மார்ச் முதல் உதவியாளாகப் போகிறவர் புருஷன், பிள்ளைகளை அழைத்துப் போக முடியாது என்று ஆயிற்று. 2025 ஜூலை 22-ந் தேதி, வெளிநாட்டில் இருந்து புதிதாக ஆள் எடுக்கும் வழியே அடைபட்டது.

நர்சு வழி அடைபடவில்லை. அதற்குப் பணம் கொடுக்கவும் வேண்டாம்! வேலைக்கு ஆள் பிடித்துத் தருவதற்காக நர்சிடம் காசு வாங்கக் கூடாது என்று இங்கிலாந்து அரசாங்கத்தின் நடத்தை விதியே சொல்கிறது. கூலியைக் கொடுக்க வேண்டியது ஆஸ்பத்திரி. விமானச் சீட்டு, விசா, செய்முறைப் பரீட்சைக் கட்டணம் ஆகியவற்றையும் பெரும்பாலான அரசாங்க ஆஸ்பத்திரிகளே ஏற்கின்றன. விதியை ஒப்புக்கொண்ட ஏஜெண்டுகளின் பட்டியலை அந்த நாட்டு ஆஸ்பத்திரிகளின் அமைப்பு வெளியிடுகிறது. தமிழக அரசாங்கமே 1978-ல் தொடங்கிய அயல்நாட்டு வேலை வாய்ப்பு நிறுவனமும் சென்னையில் இருக்கிறது. அங்கே விசாரித்துவிட்டு ஏஜெண்டுக்குப் பதில் சொல்லலாம்.

பாட்டி காலத்திலும் இதே கதை!

பெயரில் ஏமாறுவது இன்று நேற்று வந்தது அல்ல.

1948 ஜூலை 5-ந் தேதி இங்கிலாந்தில் எல்லோருக்கும் இலவச வைத்தியத் திட்டம் வந்தது. ஆஸ்பத்திரிகளில் ஆள் போதவில்லை. மேற்கு இந்தியத் தீவுகள், மலேசியா, மொரீசியஸ், இலங்கை, இந்தியா என்று பல நாடுகளில் இருந்தும் பெண்கள் பயிற்சிக்குப் போனார்கள். அவர்களில் மலேசியத் தமிழ்ப் பெண்களும் உண்டு. கப்பலில் மூன்று வாரப் பிரயாணம். நர்சு விடுதியில் ஜாகை. மேட்ரன் அம்மாள் வைத்ததே சட்டம்.

அங்கே இரண்டு விதப் பயிற்சி இருந்தது. 3 ஆண்டுப் பயிற்சி முடித்தால் "பதிவு பெற்ற நர்சு". 2 ஆண்டுப் பயிற்சி முடித்தால் "பட்டியல் நர்சு". இரண்டுக்கும் ஒரே வார்டுதான். ஆனால் பட்டியல் நர்சுக்கு உத்தியோக உயர்வு எட்டாக்கனி. பல நாடுகளில் அந்தச் சான்றிதழ் செல்லவும் இல்லை. வெளிநாட்டுப் பெண்கள் பலரை, வித்தியாசம் சொல்லாமலே 2 ஆண்டுப் பயிற்சியில் சேர்த்தார்கள். ஊருக்குத் திரும்பி வந்து சான்றிதழை நீட்டியபோதுதான் சிலருக்கு விஷயம் புரிந்தது. இரண்டு வருடம் கொடுத்த உழைப்புக்கு இதுவா பலன்? பின்னால் அந்தப் பயிற்சியையே இங்கிலாந்து நிறுத்திவிட்டது.

"என் வாத்தே!"

எல்லாம் சரியாக அமைந்து, பல்லடத்துப் பெண் நார்தாம்ப்டனில் இறங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். தோல் பூட்சுக்குப் பேர் போன ஊர். வடக்கே போனால் லெஸ்டர், நாட்டிங்காம். அவை காலுறைக்கும் பின்னலாடைக்கும் பேர் போனவை. 1589-ல் முதல் பின்னல் எந்திரத்தைச் செய்த வில்லியம் லீ, நாட்டிங்காம் பக்கத்துக் கால்வர்டன் ஊர்க்காரர். திருப்பூரில் ஓடுகிற எந்திரங்களுக்கு அதுதான் பாட்டன்!

முதல் நாள் வார்டில் ஒரு கிழவி, "மீ டக்" என்று கூப்பிடுவாள். "என் வாத்தே!" என்று அர்த்தம். கோபிக்கக் கூடாது. பல்லடத்துப் பாட்டி "என்ற கண்ணு" என்பாள் அல்லவா? அது மாதிரிதான். ஒரு கிழவர், "ஒரு பென்னி செலவழிக்க வேண்டும்" என்பார். சில்லறை கேட்கவில்லை. சிறுநீர் கழிக்க வேண்டுமாம்! எந்தப் பரீட்சைப் புத்தகத்திலும் இது இல்லை.

வேலையும் வேறு மாதிரி. இங்கே நோயாளியுடன் அம்மாவோ மனைவியோ இருந்து சோறு ஊட்டுவார்கள், உடம்பு துடைப்பார்கள். அங்கே உறவினர் வருவது பார்வை நேரத்தில்தான். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, மலச்சட்டி எடுப்பது எல்லாம் நர்சும் உதவியாளும்தான். "பட்டம் படித்தவள் இதைச் செய்வதா?" என்று முதல் வாரம் அழுகிறவர்கள் உண்டு. அதே சமயம், டாக்டரைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம்! மூச்சு, நாடி, ரத்த அழுத்தம், உடம்புச் சூடு முதலியவற்றுக்கு நர்சு மார்க்குப் போடுகிறாள். மொத்தம் 7 வந்துவிட்டால் அவள் கூப்பிட்ட குரலுக்கு டாக்டர் ஓடி வர வேண்டும்.

2020 டிசம்பர் 8-ந் தேதி உலகமே ஒரு படத்தைப் பார்த்தது. காவென்ட்ரி நகரில் 90 வயதுக் கிழவிக்கு ஒரு நர்சு கொரோனா தடுப்பு ஊசி போட்டார். அந்த நர்சு மே பார்சன்ஸ். பிலிப்பைன்ஸ் நாட்டில் இருந்து போனவர்!

கையில் எவ்வளவு?

31 ஆயிரம் பவுனும் கைக்கு வராது. வரி, காப்பீடு, பென்ஷன் பிடித்தம் போக மாதம் சுமார் 2 ஆயிரம் பவுன் வரும். ஓர் அறைக்கே 500, 600 பவுன் வாடகை. மிச்சத்தில்தான் சாப்பாடு, பஸ், கம்பளிச் சட்டை, ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம். டிசம்பர் மாதத்தில் மாலை 4 மணிக்கு முன்பே இருட்டிவிடும். பகல் வேலைக்குப் போகிறவள் சூரியனையே பார்க்க மாட்டாள்.

பத்திரத்தில் இன்னொரு வரியையும் படிக்க வேண்டும். "இத்தனை வருடத்துக்குள் வேலையை விட்டால் எங்கள் செலவைத் திருப்பிக் கொடு" என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அந்தத் தொகை மாதா மாதம் குறைகிறதா என்று கையெழுத்துப் போடும் முன்பே கேட்க வேண்டும்.

இப்போது வாசலும் குறுகிவிட்டது. 2023-24-ல் வெளிநாட்டில் படித்துவிட்டு இங்கிலாந்துப் பதிவேட்டில் புதிதாகச் சேர்ந்தவர்கள் 30 ஆயிரத்தை நெருங்கினார்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் இந்தியாவில் படித்தவர்கள். 2025 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆறு மாதத்தில் சேர்ந்தவர்கள் 6 ஆயிரத்துச் சொச்சம்தான். நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு 5 ஆண்டு காத்திருப்பதை 10 ஆண்டாக்கும் யோசனையையும் அந்த நாட்டு அரசாங்கம் 2025 மே மாதம் வெளியிட்டது.

ஆனாலும் கோவை பஸ்சில் கூட்டம் குறையவில்லை.

முன்னே போனவளிடம் இருந்து போன் வருகிறது. அங்கே இரவு 2 மணி, சாப்பாட்டு நேரம். பல்லடத்தில் காலை 7½ மணி. தகப்பனார் தறியை நிறுத்திவிட்டுப் போனை வாங்குகிறார். "சாப்பிட்டயா கண்ணு?" என்கிறார். வார்டில் மணி அடிக்கிறது. "அப்புறம் பேசறனுங்கப்பா" என்று சொல்லிவிட்டு அவள் ஓடுகிறாள்.