தொல்லுயிர்ப் பற்களின் ஓரிடத்தான் ஆய்வு

தொல்லுயிர்ப் பற்களின் ஓரிடத்தான் ஆய்வு என்பது, அழிந்துபோன விலங்குகளின் பற்களில் உள்ள தனிமங்களின் ஓரிடத்தான்களை அளந்து, அவ்விலங்குகளின் உணவையும் வாழ்ந்த சூழலையும் அறியும் முறையாகும். பல்லின் வடிவம் அவ்விலங்கு எதை உண்ணத் தகுந்தது என்பதைக் காட்டும். பல்லின் வேதியியல் அது உண்மையில் எதை உண்டது என்பதைக் காட்டும்.

அடிப்படை

கரிமத்தில் (கார்பன்) நிலையான ஓரிடத்தான்கள் இரண்டு உள்ளன: கரிமம்-12, கரிமம்-13. ஒளிச்சேர்க்கையின்போது தாவரங்கள் கரிமம்-13 ஐக் குறைவாகவே ஏற்கின்றன. மரங்கள், நெல், கோதுமை போன்ற சி3 தாவரங்களில் இக்குறைவு மிகுதி. சோளம், கம்பு, கேழ்வரகு, கரும்பு உள்ளிட்ட வெப்பமண்டலப் புற்கள் பலவும் அடங்கிய சி4 தாவரங்களில் அது சிறிதளவே. இவ்வேறுபாடு தாவரத்தை உண்ணும் விலங்கின் பல்லிலும் பதிகிறது.

ஆக்சிசன் ஓரிடத்தான்கள் விலங்கு பருகிய நீரையும் உண்ட இலைகளின் நீரையும் சார்ந்தவை. வறண்ட சூழலில் நீர் ஆவியாகும்போது ஆக்சிசன்-18 இன் விகிதம் கூடுகிறது. பல் படிப்படியாக வளர்வதால், அதன் நீளவாக்கில் வரிசையாக மாதிரிகள் எடுத்துப் பருவ மாற்றங்களையும் அறியலாம்.

எனாமலைத் (பற்சிப்பி) துளையிட்டு எடுக்கப்படும் சில மில்லிகிராம் பொடி, பொருண்மை நிறமாலைமானியில் அளக்கப்படுகிறது. எலும்பையும் பல்லின் உட்பகுதியையும் விட எனாமல் அடர்த்தியானது. ஆகவே மண்ணில் புதைந்த பின்னரும் எளிதில் மாறுவதில்லை.

சிவாலிக் சான்று

இந்தியா, பாக்கிசுத்தான் ஆகிய நாடுகளில் பரவியுள்ள சிவாலிக் பாறைகள் இம்முறைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். பாக்கிசுத்தான் பகுதியில் கிடைத்த பற்களைப் பற்றி ஜே குவேடு, துரே செர்லிங் முதலியோர் 1992 இல் வெளியிட்ட ஆய்வின்படி, பழைய பற்கள் சி3 உணவையும், சுமார் 7 மில்லியன் ஆண்டுகளுக்குப் பிந்தைய பற்கள் பல சி4 புல்லையும் காட்டுகின்றன.

பருவமழை வலுத்ததே தாவர மாற்றத்திற்குக் காரணம் என 1989 இல் விளக்கப்பட்டது. ஆப்பிரிக்கா, அமெரிக்கா ஆகிய கண்டங்களிலும் இதேபோன்ற மாற்றம் நிகழ்ந்ததை 1997 இல் செர்லிங் குழுவினர் காட்டி, வளிமண்டலக் கரியமில வாயு குறைந்ததைக் காரணமாக முன்வைத்தனர். பற்கள் உணவு மாறியதை நிறுவுகின்றன. அதன் காரணத்தை அவை மட்டுமே தீர்மானிப்பதில்லை.

அரியலூரும் முறையின் எல்லையும்

வரதராஜன்பேட்டை அமைந்துள்ள அரியலூர் மாவட்டத்தில், கிரீத்தேசியக் காலத்தின் இறுதியைச் சேர்ந்த கல்லமேடு பாறைகள் உள்ளன. இங்கு கிடைத்த சிறிய பல் ஒன்று, துரூடோன்டிட் வகை டைனோசருடையது என அதன் வடிவத்தைக் கொண்டு 2013 இல் அறிவிக்கப்பட்டது.

இத்தகைய பற்களில் சிவாலிக் முறையை அப்படியே பயன்படுத்த இயலாது. சி4 புற்கள் பரவியது அக்காலத்திற்குப் பல கோடி ஆண்டுகளுக்குப் பின்னரே. எனவே டைனோசர்கள் உண்டது புல்லா இலையா என்பதைக் கரிமம் பிரித்துக் காட்டாது. அடர்ந்த காட்டு நிழல், வறட்சி ஆகியவற்றின் குறிப்பையே தரக்கூடும். ஊனுண்ணியின் பல்லிலோ, அதன் இரை உண்ட தாவரத்தின் அடையாளமே தெரியும்.

மாதிரி எடுப்பது பல்லின் ஒரு பகுதியை அழிப்பதாகும். ஆதலால் ஒரே ஒரு பல் கிடைத்த இனங்களில், முதலில் படமெடுத்தும் அளந்தும் பதிவு செய்வது இன்றியமையாதது.