பனிப்படைகளை வாசித்தல்: அல்ப்ஸ் மலைகளிற் பனிச்சரிவு பற்றிய அறிவு

பனிச்சரிவை 'இயற்கையின் சீற்றம்' என்று கூறி அமைவோர், அதன் இயக்கவிதிகளையும் அதனை அறிய மனிதர் மேற்கொண்ட முயற்சியின் வரலாற்றையும் ஒருங்கே மறைத்துவிடுகின்றனர். சுவிற்சர்லாந்தின் அண்டர்மற் கிராமத்தில், ஊருக்கு மேலுள்ள காட்டில் மரந்தறிப்பது 1397ஆம் ஆண்டிலேயே தடைசெய்யப்பட்டது. மலைச்சரிவின் கீழ் வாழ்ந்து உழைத்தோரின் கூட்டனுபவமே அத்தடையாக வடிவம்பெற்றது. டாவோஸுக்கு மேலேயுள்ள வைஸ்புளுயொக்கிற் பனியை முறையாக ஆராயத் தொடங்கியதோ 1930களிலேயாகும்.

ஆபத்தைத் தீர்மானிப்பது பனியின் அளவு மட்டுமன்று. பனிப்படைகள் ஒன்றோடொன்று கொண்டுள்ள பிணைப்பே முதன்மையானது. மாரியின் தொடக்கத்திற் பனி மெல்லியதாய்க் கிடக்க, வளி கடுங்குளிராயிருப்பின், நிலத்தோடொட்டிய பனி ஏறத்தாழ 0 பாகையிலும் மேற்பரப்பு அதனிலும் மிகக் குறைந்த வெப்பநிலையிலும் இருக்கும். இவ்வேறுபாட்டினால் நீராவி மேனோக்கிச் செல்ல, பனித்துகள்கள் ஒன்றையொன்று பற்றாத கிண்ணவடிவப் பளிங்குகளாக மாறுகின்றன. கையில் அள்ளினாற் சீனிபோல் உதிரும். பின்னர் காற்றோடு பொழியும் பனி அதன்மீது இறுகிய பலகையாகப் படிகின்றது. 30 பாகைக்கு மேற்பட்ட சரிவில், பனிச்சறுக்குவோர் ஒருவரின் பாரமே நலிந்த படையில் முறிவை உண்டாக்கப் போதுமானது. முறிவு கணப்பொழுதிற் பரவ, பலகை முழுவதும் பெயர்கின்றது. அளவு மாற்றம் பண்பு மாற்றமாகும் கணம் என்று இதனைக் கூறத் தோன்றும். ஆயின் உவமை விளக்கமாகிவிடாது. விபத்துக்குள்ளாகும் பனிச்சறுக்குவோரிற் பெரும்பாலோர், தாமோ தம் தோழரோ கிளப்பிய சரிவிலேயே அகப்படுகின்றனர் என்பதையும் இங்கு மனங்கொள்ளல் வேண்டும்.

பனியிற் குழி வெட்டி அதன் சுவரைப் பரிசோதிப்பது வழக்கம். கைமுட்டி, நான்கு விரல், ஒரு விரல், பென்சில், கத்தி என்பவற்றுள் எது படையினுள் எளிதாகப் புகுகின்றது என்பதைக் கொண்டு அதன் கடினம் குறிக்கப்படும். பின்பு 30 சென்ரிமீற்றர் பக்கமுடைய சதுரத் தூணொன்றைப் பனியிலிருந்து பிரித்து, மேலே சவளின் தகட்டை வைத்து, மணிக்கட்டை அசைத்துப் பத்து, முழங்கையை அசைத்துப் பத்து, தோளை அசைத்துப் பத்து எனத் தட்டுவர். எத்தனையாவது தட்டில் எப்படை முறிகின்றது என்பது கவனிக்கப்படும். முறிவு ஏற்படின் அஃது எச்சரிக்கை. ஏற்படாவிடின் அஃது உத்தரவாதமன்று. சில மீற்றர் தூரத்திலேயே விடை வேறாகலாம்.

ஐரோப்பிய நாடுகள் 1993இல் ஐந்து தரங்களைக் கொண்ட பொது ஆபத்து அளவுகோலொன்றை ஏற்றுக்கொண்டன. தரத்துக்குத் தரம் ஆபத்துச் சீராக ஏறுவதில்லை, பன்மடங்காகப் பெருகுகின்றது. நடுவில் நிற்பதாலேயே 3ஆம் தரம் பலராலும் நடுத்தரமானதென வாசிக்கப்படுகின்றது. சுவிற்சர்லாந்தின் பனிச்சரிவு மரணங்களில் ஏறத்தாழ அரைவாசி அத்தரத்திலேயே நிகழ்கின்றன. இதற்கு அறியாமையை மட்டும் காரணமாகக் கூறுவது போதாது. நகரத்து ஊழியர் ஆண்டு விடுமுறையின் எண்ணப்பட்ட சில நாட்களோடு மலைக்கு வருகின்றார். பயணச்செலவும் அறைவாடகையும் கொடுத்தாயிற்று. பனி இறுகும்வரை காத்திருப்பது அவருக்குக் கட்டுபடியாவதில்லை. இவ்வுந்துதல் அளவுகோலில் இடம்பெறுவதில்லை.

மேலும், அறிவிக்கப்படும் தரம் ஒரு பிரதேசத்துக்குரியதேயன்றித் தனியொரு சரிவுக்குரியதன்று. அயலிற் புதிதாக நிகழ்ந்த சரிவுகள், காலடியிலிருந்து ஓடும் வெடிப்புக்கள், பனி அமிழும்போது கீழிருந்தெழும் மந்தமான ஓசை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும், குழி வெட்டிப் பார்க்கவேண்டிய தேவையே இல்லை.